மாமா, என் குதிரை வருமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அதன்மேல் நிண்டெண்டோ நிறுவனத்தின் ஸ்விட்ச் என்ற வீடியோ கேம் எந்திரங்கள் இரண்டை அடுத்தடுத்து வைத்துக்கொண்டு நானும் என் அக்கா மகளும் உட்கார்ந்திருந்தோம். ஒன்று 2018இல் வாங்கிய பழைய ஸ்விட்ச். இன்னொன்று, சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்த என் சித்தி மகன் துணிகளுக்கு நடுவே பத்திரமாகச் சுற்றிக் கொண்டுவந்த ஸ்விட்ச் 2. பழையதில் இருப்பதையெல்லாம் புதியதுக்கு மாற்ற வேண்டும். அவள் நாலு வருடமாக அதில் செல்டா என்ற ஆட்டத்தை விளையாடுகிறாள். ஒரு குன்றின்மேல் நின்ற வெள்ளைக் குதிரையைப் பதுங்கிப் போய்ப் பிடித்து, பழக்கி, பெயர் வைத்து, லாயத்தில் கட்டி வைத்திருக்கிறாள். திரையில் கோடு மெல்ல நகர்ந்துகொண்டிருந்த நேரம் முழுக்க அவள் கேட்டது ஒரே கேள்வி: "மாமா, என் குதிரை வருமா?"

வந்தது. குதிரை, சேணம், பாதியில் விட்டிருந்த ஒரு சண்டை, காசு கொடுத்து வாங்கிய பதினேழு ஆட்டங்கள் எல்லாம் வந்தன. அவளுக்கு அது சாதாரண விஷயம், போன் மாற்றினால் போட்டோ வருவது மாதிரி. எனக்கு அப்படி இல்லை. நான் முப்பது வருடமாக இந்த நிறுவனத்தைப் பின்தொடர்கிறேன். ஒரு தலைமுறை எந்திரத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது நிண்டெண்டோ தன் வாடிக்கையாளரின் சட்டிபானைகளையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனதை வீட்டு டிவியில் நான் பார்ப்பது இதுதான் முதல் தடவை. அடுத்த தலைமுறைக்கு நிண்டெண்டோ தயாரா என்ற கேள்விக்கு எந்திரத்தின் வேகத்தையும் திரையின் அளவையும் வைத்துப் பதில் சொல்பவர்கள் நிறைய இருக்கிறார்கள். நான் குதிரையை வைத்துத்தான் பார்க்கிறேன்.

கன்சோல், அதாவது வீடியோ கேம் எந்திரம் செய்யும் நிறுவனத்துக்குத் தலைமுறை மாற்றத்தைப் போல ஆபத்தான நேரம் வேறில்லை. போன் கம்பெனி ஒரு வருடம் சொதப்பினால் அடுத்த வருடம் சரிசெய்துகொள்ளும். கன்சோலில் ஒரு தப்பு நடந்தால் அதோடு ஐந்து ஆறு வருடம் குடித்தனம் நடத்த வேண்டும். அதுவும் போக, புது எந்திரம் வந்திருக்கிறது என்று அறிவிப்பது, உன் கோடிக்கணக்கான வாடிக்கையாளர்களை எல்லாம் மறுபடி கடைக்குப் போ என்று நீயே அனுப்புவது போலத்தான். கடைக்குள் போனவர் பக்கத்து அலமாரியில் இருக்கும் பெட்டியையும் பார்ப்பார். நிண்டெண்டோவுக்குப் போட்டியாக இருந்த சேகா நிறுவனத்துக்கு நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது. 1994இல் பழைய எந்திரத்தின் தலையில் பொருத்தும் 32எக்ஸ், அடுத்த மே மாதமே சொன்ன தேதிக்கு நாலு மாதம் முன்னதாக அமெரிக்கக் கடைகளில் திடீரென்று இறக்கிய சாட்டர்ன். அதன் விலை 399 டாலர் என்று ஒரு கண்காட்சியில் அறிவித்தார்கள். அதே நாளில் அதே கண்காட்சியில் சோனி தன் பிளேஸ்டேஷனுக்கு 299 டாலர் என்றது. 2001 ஜனவரியில் சேகா கன்சோல் தொழிலையே விட்டுவிட்டது. அந்த சோனியும் தப்பவில்லை. பிளேஸ்டேஷன் 2ஐ உலகமெங்கும் விற்றுவிட்டு, 2006இல் 3ஐ அமெரிக்காவில் 599 டாலர் வரை விலை வைத்து இறக்கிச் சில வருடங்கள் மூச்சுத் திணறியது. போன தலைமுறையில் ஜெயித்தவர் இந்தத் தலைமுறையிலும் ஜெயிப்பார் என்பதற்கு இந்தத் தொழிலில் எந்த உத்தரவாதமும் இல்லை.

நிண்டெண்டோவின் வீட்டுக் கன்சோல்கள் விற்ற கணக்கை வரிசையாகப் பார்த்தால் இது இன்னும் நன்றாகப் புரியும். 1983இல் ஜப்பானில் ஃபாமிகாம் என்ற பெயரில் வந்த, கேசட் மாற்றிப் போடும் முதல் எந்திரம் சுமார் 6 கோடியே 19 லட்சம். அடுத்த சூப்பர் நிண்டெண்டோ 4 கோடியே 91 லட்சம். நிண்டெண்டோ 64 வெறும் 3 கோடியே 29 லட்சம். கேம்கியூப் 2 கோடியே 17 லட்சம். ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டே வந்தவர்கள், 2006இல் வீ எந்திரத்தோடு திடீரென்று 10 கோடிக்கு ஏறினார்கள். அதற்கடுத்த வீ யூ 1 கோடியே 35 லட்சத்தில் விழுந்தது. பிறகு 2017இல் வந்த ஸ்விட்ச் 15 கோடியைத் தாண்டிவிட்டது. இது ஒரு நிறுவனத்தின் சீரான வளர்ச்சி மாதிரியா இருக்கிறது? ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து தொடங்கி, பிடித்தால் பிடிக்கட்டும் என்று வலை வீசிய கணக்கு இது.

எங்கள் ஊரில் 1990களில் இதற்கெல்லாம் 'டிவி கேம்' என்று பெயர். பர்மா பஜாரில் என் மாமா வாங்கி வந்த பெட்டியில் நிண்டெண்டோ என்ற சொல்லே கிடையாது. ஃபாமிகாமைப் பார்த்து யாரோ செய்த நகல் அது என்று எனக்குத் தெரிய வந்தது கல்லூரிக்குப் போன பிறகுதான். மஞ்சள் நிறக் கேசட், அதன் அடியில் ஊதி ஊதிப் போட்டால்தான் ஓடும் என்று ஒரு நம்பிக்கை, மரியோ, காண்ட்ரா. அந்தப் பெட்டி எங்களுக்கு நிரந்தரமானது. அடுத்த தலைமுறை என்று ஒன்று ஜப்பானில் வந்து போயே பல வருடம் ஆகிவிட்டது என்று அப்போது எங்களுக்கு யார் சொல்வது? இதை ஏன் சொல்கிறேன் என்றால், கேசட் என்ற பொருளின் மேல் எனக்கு இருக்கும் பாசம் அங்கிருந்து வந்தது. கீழே அதைப் பற்றிக் கொஞ்சம் கோபமாகப் பேசப்போகிறேன்.

நிண்டெண்டோவுக்கும் கேசட்டின் மேல் அப்படி ஒரு பாசம் இருந்தது, அதற்கு அவர்கள் கொடுத்த விலை பெரிது. 1996இல் நிண்டெண்டோ 64 வந்தபோது மற்றவர்கள் சிடிக்குப் போய்விட்டார்கள். சிடியில் 650 எம்பி கொள்ளும், செய்வதற்கு ஆகும் செலவும் சொற்பம். நிண்டெண்டோ 64இன் மிகப் பெரிய கேசட்டில் 64 எம்பிதான். சிடியைவிட வேகமாகப் படிக்கும், திருட்டு நகல் எடுப்பது கடினம் என்று நிண்டெண்டோ அதில் உறுதியாக நின்றது. அதுவரை தன் பெரிய ஆட்டங்களை எல்லாம் நிண்டெண்டோவுக்கே கொடுத்துவந்த ஸ்கொயர் நிறுவனம், ஃபைனல் ஃபேன்டஸி 7ஐ எடுத்துக்கொண்டு சோனியிடம் போனது. எந்திரம் நல்ல எந்திரம்தான், மரியோ 64 மாதிரி ஒரு ஆட்டத்தை அதற்கு முன்னால் யாரும் பார்த்ததில்லை. ஆனால் வெளியில் இருந்து ஆட்டம் செய்து கொடுப்பவர்களைக் கேட்டு முடிவெடுக்கவில்லை.

சரி, வீ யூவுக்கு வருகிறேன். நிண்டெண்டோ தயாராக இல்லாமல் வந்து நின்றது எப்படி இருக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. அங்கே கற்றதுதான் இன்றைய ஸ்விட்ச் 2 என்பதால் கொஞ்சம் நிதானமாகவே பார்க்கலாம்.

2011 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸ் கண்காட்சியில் வீ யூவை முதன்முதலில் காட்டியபோது, மேடையில் எல்லோர் கண்ணும் அந்தத் திரை வைத்த கன்ட்ரோலர் மேலேயே இருந்தது. எந்திரம் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. ஏற்கெனவே வீட்டில் வீ வைத்திருந்த கோடிக்கணக்கான குடும்பங்களில் பலரும் இது பழைய வீக்கு ஒரு புதுக் கன்ட்ரோலர் போல என்றே நினைத்துவிட்டார்கள். பெயரும் அப்படித்தான் இருந்தது. ஆனால் பெயர்க் குழப்பத்தால்தான் தோற்றது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், அது பாதிக் காரணம்கூட இல்லை என்பது என் எண்ணம். பெரிய காரணம் பட்டறையில் இருந்தது.

வீ எச்டி படம் தராத எந்திரம். சோனியும் மைக்ரோசாஃப்டும் 2005, 2006லேயே எச்டிக்குப் போய், அதற்கு எவ்வளவு ஆள் வேண்டும், ஒரு மரத்தை வரைய எத்தனை நாள் ஆகும் என்று அடிபட்டுக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். அந்த ஆறு வருடமும் நிண்டெண்டோவின் ஆட்கள் பழைய அளவிலேயே வேலை பார்த்தார்கள். 2012 நவம்பரில் வீ யூ கடைக்கு வந்தபோது அவர்களும் அந்தப் பள்ளத்தில் இறங்க வேண்டியதாயிற்று. எச்டி ஆட்டம் செய்யத் தேவைப்படும் உழைப்பைத் தாங்கள் குறைத்து மதிப்பிட்டுவிட்டதாக நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. எந்திரத்தோடு ஒரு மரியோவும் நிண்டெண்டோ லேண்டும் வந்தன. அதற்குப் பிறகு மாதக்கணக்கில் பெரிதாக ஒன்றுமில்லை. தொடக்க நாட்களிலேயே வரும் என்று சொல்லியிருந்த பிக்மின் 3, 2013 கோடை வரை தள்ளிப் போனது. வீ யூவுக்கு மட்டும் என்று பிப்ரவரியில் வரவேண்டிய ரேமன் லெஜண்ட்ஸ் ஆட்டத்தை யூபிசாஃப்ட் நிறுவனம் செப்டம்பருக்குத் தள்ளி, மற்ற எந்திரங்களுக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டது. வண்டிப் பந்தய ஆட்டமான மரியோ கார்ட் 8 வந்தது 2014 மே மாதம், அதாவது எந்திரம் வந்து ஒன்றரை வருடம் கழித்து. அதற்குள் 2013 நவம்பரில் பிளேஸ்டேஷன் 4உம் எக்ஸ்பாக்ஸ் ஒன்னும் வந்து கடையை அடைத்துக்கொண்டன.

இதில் இன்னொரு கொடுமை உண்டு. அந்தச் சமயத்தில் நிண்டெண்டோவின் வீட்டுக்குள்ளேயே இரண்டு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கையடக்க எந்திரமான 3டிஎஸ்ஸுக்கு ஒரு பக்கம், டிவி எந்திரத்துக்கு ஒரு பக்கம். இரண்டும் வேறு வேறு மாதிரி செய்யப்பட்டவை, ஒன்றுக்குச் சமைத்தது இன்னொன்றுக்கு ஆகாது. 2012இல் மட்டும் ஒரே மாதிரியான பக்கவாட்டு மரியோ ஆட்டம் இரண்டு வந்தது, ஆகஸ்டில் 3டிஎஸ்ஸுக்கு ஒன்று, நவம்பரில் வீ யூவுக்கு ஒன்று. மரியோ கார்ட் 7 அதற்கு, 8 இதற்கு. ஏற்கெனவே ஆள் போதாத பட்டறையில் எல்லாவற்றையும் இரண்டு தடவை செய்தால் என்ன ஆகும்?

2012 மார்ச்சில் முடிந்த வருடத்திலிருந்து தொடர்ந்து மூன்று வருடம் நிண்டெண்டோ தொழிலில் நட்டம் காட்டியது. 2014 ஜனவரியில், அந்த நிதியாண்டில் 90 லட்சம் வீ யூ விற்கும் என்று சொல்லியிருந்த கணக்கை 28 லட்சம் என்று குறைத்தார்கள். தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார். 2011இல் 3டிஎஸ் விலையை ஆறு மாதத்துக்குள் 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னுக்கு இறக்க வேண்டி வந்தபோதும் இதையே செய்தவர் அவர். ஆட்களை வேலையை விட்டு அனுப்பிச் செலவைக் குறைக்கலாமே என்று பங்குதாரர் கூட்டத்தில் பேச்சு வந்தபோது, வேலை போய்விடுமோ என்ற பயத்தில் இருப்பவர்களால் மற்றவர்களை நெகிழ வைக்கும் ஆட்டத்தைச் செய்ய முடியுமா என்ற பொருளில் பதில் சொன்னார். எனக்கு இவாட்டா மேல் இருக்கும் மரியாதை அந்தப் பதிலால் வந்தது. அதை நல்ல மனசு என்று மட்டும் சொல்லிவிட முடியாது, அதில் தொழில்புத்தியும் இருந்தது. எச்டி வேலையை அடிபட்டுக் கற்றுக்கொண்ட கைகள் அவை. அவற்றை வெளியே அனுப்பியிருந்தால் 2017இல் ஸ்விட்சுக்கு ஆட்டம் செய்ய யார் இருந்திருப்பார்கள்?

இரண்டு அடுப்பையும் ஒன்றாக்கும் வேலையைத் தொடங்கியதும் அவர்தான். 2013இல் கையடக்க எந்திரம் வடிவமைத்த பிரிவையும் டிவி எந்திரம் வடிவமைத்த பிரிவையும் ஒரே பிரிவாக்கினார். இனி வரும் எந்திரங்கள் ஒரு குடும்பத்து அண்ணன் தம்பி மாதிரி இருக்க வேண்டும் என்பது அடுத்த வருடம் முதலீட்டாளர்களிடம் அவர் விளக்கியதன் சாரம். 2015 செப்டம்பரில் ஆட்டம் செய்யும் இரண்டு பெரிய பிரிவுகளும் ஒன்றாயின. ஆனால் அதற்கு இரண்டு மாதம் முன்பே, ஜூலை 11ஆம் தேதி, 55 வயதில் இவாட்டா போய்விட்டார். கையில் எடுத்துப்போனால் கையடக்கம், டிவியில் செருகினால் டிவி எந்திரம் என்று ஸ்விட்ச் வந்ததை அவர் பார்க்கவில்லை.

ஸ்விட்சின் வெற்றியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், நான் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டு நகர்கிறேன். வீ யூவில் 84 லட்சம் விற்ற அதே மரியோ கார்ட் 8, கொஞ்சம் சேர்த்து மெருகேற்றி ஸ்விட்சில் வந்தபோது 6 கோடிக்கு மேல் விற்றது. ஆட்டம் என்னவோ முதலிலிருந்தே நன்றாகத்தான் இருந்தது.

ஆனால் வீ யூவிலிருந்து ஸ்விட்சுக்கு வந்தவருக்குக் குதிரை வரவில்லை. டிஸ்க் புது எந்திரத்தில் நுழையாது, டவுன்லோட் வாங்கியதும் வராது. அதற்கு முன்னாலும் வீயிலிருந்து வீ யூவுக்குப் போனவர்கள் டவுன்லோட் வாங்கிய பழைய ஆட்டங்களை எஸ்டி கார்டில் ஏற்றி மாற்றிக்கொள்ள முடிந்தது, ஆனால் அவை வீ யூவுக்குள் 'வீ முறை' என்று ஒதுக்கப்பட்ட தனி அறையில் மட்டும் ஓடும். புதிய கன்ட்ரோலரில் விளையாட வேண்டுமென்றால் மறுபடி ஒரு டாலர் ஒன்றரை டாலர் கொடுக்க வேண்டும். வாங்கியது ஆளின் பெயரில் பதியவில்லை, அந்தப் பெட்டியின் பெயரில்தான் பதிந்தது. பெட்டி போனால் எல்லாம் போச்சு. இதை மாற்றத்தான் 2015, 2016 வாக்கில் நிண்டெண்டோ அக்கவுண்ட் என்ற ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அப்போது அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை, எனக்கும் அது ஒரு லாகின் தொந்தரவாகத்தான் பட்டது. இன்றைக்கு அக்கா மகளின் குதிரை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வந்ததற்கு விதை அங்கே போடப்பட்டது.

ஸ்விட்ச் 2இல் பழைய ஆட்டங்கள் ஓடுவது தானாக நடந்ததில்லை. உள்ளே இருக்கும் என்விடியா சிப்பின் வம்சமே வேறு. பழைய சிப்பையே உள்ளே வைப்பது ஒரு வழி, முழுக்க மென்பொருளால் பாவனை செய்வது இன்னொரு வழி, ஆனால் அப்படிச் செய்தால் எந்திரம் முழு மூச்சில் ஓட வேண்டியிருக்கும், பேட்டரி தாங்காது. இரண்டுக்கும் நடுவில் ஒரு வழியைக் கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கான ஆட்டங்களைச் சோதித்து, ஓடாதவற்றை ஒவ்வொன்றாகச் சரிசெய்துகொண்டு போனதாக அதைச் செய்த பொறியாளர்களே விளக்கியிருக்கிறார்கள். கடையில் பெட்டியைப் பார்ப்பவர் கண்ணுக்கு இந்த உழைப்பு தெரியாது. மனசாரப் பாராட்டுகிறேன்.

பட்டறைப் பக்கம் பார்த்தாலும் நிலைமை தலைகீழ். மரியோ கார்ட் வேர்ல்டை 2017லேயே, அதாவது பழைய ஸ்விட்ச் வந்த அதே வருடத்திலேயே, மாதிரி செய்து பார்க்கத் தொடங்கிவிட்டார்கள். 24 பேர் ஒரே சமயத்தில் ஒரு பரந்த ஊருக்குள் ஓட்ட வேண்டும், அது பழைய எந்திரத்தில் முட்டிக்கொண்டே இருந்தது. 2020 வாக்கில் இதை அடுத்த எந்திரத்துக்குக் கொண்டுபோய்விடலாமா என்ற பேச்சு வந்திருக்கிறது. டான்கி காங் பனான்ஸாவும் ஸ்விட்சுக்காகத் தொடங்கி இடையில் ஸ்விட்ச் 2க்கு மாறியதுதான். கவனியுங்கள், இங்கே எந்திரம் வந்த பிறகு ஆட்டம் தேடவில்லை. ஆட்டம் செய்பவர்கள் எங்களுக்கு இவ்வளவு இடம் போதாது என்று முட்டியதிலிருந்து எந்திரத்துக்கு அளவு எடுக்க முடிந்திருக்கிறது. அதன் பலன் முதல் ஆறு மாதத்திலேயே தெரிந்தது: 2025 ஜூன் 5 அன்று எந்திரத்தோடு மரியோ கார்ட், ஜூலையில் டான்கி காங், அக்டோபரில் போகிமான், நவம்பரில் கிர்பி, டிசம்பரில் ரசிகர்கள் 2017லிருந்து காத்துக்கிடந்த மெட்ராய்டு பிரைம் 4. வீ யூவின் முதல் ஆறு மாத வறட்சி நினைவிருப்பவர்களுக்கு இந்த வரிசை எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போதைய தலைவர் ஷுண்டாரோ ஃபுருகாவா கணக்குப் பிரிவிலிருந்து வந்தவர், 2018இல் பொறுப்புக்கு வந்தார். மேடையில் இவாட்டா மாதிரி பேசுபவர் இல்லை. ஆனால் கடைவாசல் வேலையில் அவர் காலத்து நிறுவனம் காட்டிய கவனம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஜப்பானில் தங்கள் சொந்த இணையக் கடையில் ஸ்விட்ச் 2க்குக் குலுக்கல் வைத்தபோது, பழைய ஸ்விட்சில் குறைந்தது 50 மணி நேரம் விளையாடியிருக்க வேண்டும், ஆன்லைன் சந்தா மொத்தமாக ஒரு வருடமாவது கட்டியிருக்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். வாங்கி வைத்து இரண்டு மடங்குக்கு விற்கும் ஆட்களை வாசலிலேயே நிறுத்தும் வழி. அப்படியும் ஜப்பானில் மட்டும் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அத்தனை பேருக்கும் கொடுக்க முடியாது என்று ஃபுருகாவா முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொண்டார். ஜப்பானிய மொழி மட்டும் உள்ள பெட்டிக்கு 49,980 யென், எல்லா மொழியும் உள்ளதற்கு 69,980 யென் என்று இரண்டு விலை வைத்தார்கள். யென் மதிப்பு விழுந்து கிடக்கும் காலத்தில் ஜப்பானில் மலிவாக வாங்கி வெளிநாட்டில் விற்பவர்களைத் தடுக்கவும், உள்ளூர்க் குடும்பத்துக்கு விலை எட்டவும் இது உதவும். முதல் நாலு நாளில் உலகம் முழுக்க 35 லட்சத்துக்கு மேல் போனது. செப்டம்பர் முடிவில் 1 கோடியே 3 லட்சத்தைத் தாண்டியது. வீ யூ தன் வாழ்நாள் முழுக்க விற்றதில் முக்கால் பங்கு இது, நாலே மாதத்தில். நவம்பரில் அந்த நிதியாண்டுக்கான கணிப்பை 1.5 கோடியிலிருந்து 1.9 கோடியாக உயர்த்தினார்கள்.

அமெரிக்காவில் கதை கொஞ்சம் திகிலாக ஓடியது. ஏப்ரல் 2ஆம் தேதி காலையில் விலை 449.99 டாலர் என்று அறிவித்தார்கள், அதே நாள் சாயங்காலம் அங்கே புதிய இறக்குமதி வரிகள் அறிவிக்கப்பட்டன. வியட்நாமில் செய்த பொருளுக்கு 46 சதவீதம். சீனாவை மட்டும் நம்பியிருக்க வேண்டாம் என்று வியட்நாமுக்கு வேலையை நகர்த்தியவர்களுக்கு அங்கேயே அடி. முன்பதிவை ஏப்ரல் 9இலிருந்து 24க்குத் தள்ளினார்கள், ஆனால் எந்திரத்தின் விலையை ஏற்றவில்லை, துணைப் பொருட்களின் விலையைத்தான் ஏற்றினார்கள். ஆகஸ்டில் பழைய ஸ்விட்சின் விலை ஏறியது. எட்டு வருடப் பழைய எந்திரத்துக்கு விலை ஏறுவது எனக்குப் பிடிக்கவில்லை, மரியோ கார்ட் வேர்ல்டுக்கு 79.99 டாலர் வைத்ததும் பிடிக்கவில்லை. குழந்தைகளுக்கான ஆட்டம் என்று பெயர் வாங்கிய நிறுவனம், இரண்டு குழந்தைகள் உள்ள நடுத்தரக் குடும்பம் வருடத்துக்கு எத்தனை ஆட்டம் வாங்க முடியும் என்று யோசிக்க வேண்டும்.

ஜாய்-கான் பற்றி ஒரு வரி. பழைய ஸ்விட்சின் கன்ட்ரோலர் தண்டு தொடாமலே நகரும் பிரச்சினைக்கு 2020இல் ஃபுருகாவாவே மன்னிப்புக் கேட்டார். அப்படி இருந்தும் புதிய ஜாய்-கானில், உரசித் தேயாத காந்த உணர்வி கொண்ட தண்டு வைக்கவில்லை என்று உறுதி செய்திருக்கிறார்கள். தண்டைப் புதிதாக வடிவமைத்திருக்கிறோம் என்கிறார்கள். இது மூன்று நாலு வருடம் கழித்துத்தான் தெரியும்.

இப்போது கேசட். ஸ்விட்ச் 2 இன்னும் கேசட்டில்தான் ஓடுகிறது, நானும் இன்னும் கேசட்தான் வாங்குகிறேன். ஆனால் வெளி நிறுவனங்களின் ஆட்டங்கள் பல 'கேம்-கீ கார்டு' என்ற ஒன்றில் வருகின்றன. பார்க்க அதே கேசட், உள்ளே ஆட்டம் இல்லை. செருகினால், இணையத்திலிருந்து முழு ஆட்டத்தையும் இறக்கிக்கொள்ளச் சொல்லும். இறக்கிய பிறகும் விளையாடும்போதெல்லாம் அட்டை உள்ளே இருக்க வேண்டும். சாவி மட்டும் கையில், வீடு வேறெங்கோ. 64 ஜிபி கேசட் செய்ய ஆகும் செலவு அதிகம் என்பது காரணம், அது எனக்குப் புரிகிறது. ஆனால் சைபர்பங்க் 2077 செய்தவர்கள் அவ்வளவு பெரிய ஆட்டத்தையே முழுசாகக் கேசட்டில் போட்டு முதல் நாளே கொடுத்தார்கள். முடியாதது இல்லை. மரியோ கார்ட் வேர்ல்டையும் டான்கி காங்கையும் நிண்டெண்டோ முழுசாகத்தான் கேசட்டில் தந்தது.

நியாயமாகச் சொன்னால், இந்த அட்டையை நண்பனுக்குக் கடன் கொடுக்கலாம், விளையாடி முடித்த பிறகு வேறொருவருக்கு விற்கலாம், அக்கவுண்டோடு ஒட்டிக்கொள்ளாது. பெட்டிக்குள் வெறும் எண் எழுதிய காகிதத்தை வைத்து விற்பதைவிட இது மேல். ஆனால் வீ யூ, 3டிஎஸ் இரண்டின் இணையக் கடைகளையும் நிண்டெண்டோ 2023 மார்ச் 27 அன்று மூடியது. ஏற்கெனவே வாங்கியதை இன்னும் இறக்கலாம், சரி. எத்தனை வருடத்துக்கு? அந்தக் கதவும் ஒரு நாள் சாத்தப்படும்போது, சாவி அட்டை வைத்திருப்பவர் கையில் இருப்பது வெறும் பிளாஸ்டிக். அடுத்த ஐந்து வருடத்துக்கு நிண்டெண்டோ தயாரா என்று கேட்டால் எனக்குச் சந்தேகமே இல்லை, நான் பார்த்ததிலேயே மிக நன்றாகத் தயாராகி வந்திருக்கிறார்கள். இருபது வருடத்துக்குத் தயாரா என்று கேட்டால் இந்த அட்டைதான் என் தொண்டையில் நிற்கிறது.

நம் ஊரில் இருப்பவருக்கு இது இன்னும் கூடுதல் சிக்கல். இந்தியாவில் நிண்டெண்டோ அதிகாரபூர்வமாக விற்பதில்லை, இந்தியாவுக்கென்று இணையக் கடையும் கிடையாது. எந்திரம் வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவருவது, இல்லையென்றால் ரிச்சி தெரு மாதிரி இடங்களில் இறக்குமதிப் பொருளாக வாங்குவது. அக்கவுண்டை வேறு நாட்டின் பெயரில் வைத்துக்கொண்டுதான் காலம் ஓடுகிறது. நமக்குக் கேசட் என்பது ஒரே நம்பிக்கையான வழி. எந்த நாட்டுக் கேசட்டும் பெரும்பாலும் எந்த நாட்டு எந்திரத்திலும் ஓடும், கடனாக வாங்கலாம், விளையாடி முடித்துவிட்டுப் பாதி விலைக்கு விற்று அடுத்ததை வாங்கலாம். அந்தச் சுற்று நின்றால் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் இதற்குள் வருவது கஷ்டம்.

அன்றைக்குச் சாயங்காலம், மாற்றம் எல்லாம் முடிந்து அக்கா மகள் குதிரையோடு எங்கோ பனிமலைப் பக்கம் போய்விட்ட பிறகு, பரணிலிருந்து அந்தப் பழைய டிவி கேமை இறக்கினேன். மஞ்சள் பின்னைச் செருக நல்லவேளை டிவியில் இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது. காண்ட்ரா கேசட்டைப் பழக்கத்தில் ஒரு தடவை ஊதிப் போட்டேன். கறுப்புத் திரை, ஒரு நொடி, அப்புறம் அந்த இசை. அவள் குதிரையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள், "இது எதிலேர்ந்து டவுன்லோட் ஆச்சு மாமா?" என்றாள். கேசட்டை வெளியே எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.